தானாக மூடிய கதவு

அத்தியாயம் 5

காலை பதினோரு மணிக்கே அந்த நாள் களைத்துப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் அறையில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. துப்பறிவாளர் நாற்காலியில் சாய்ந்து, கண்களை முக்கால்வாசி மூடி உட்கார்ந்திருந்தார். காவல் நிலையத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அரைத்தூக்கம்'. மூன்று நாளாக அது அநியாயமான பெயர். அரைத் தூக்கம்கூட வாய்க்கவில்லை.

அவருக்கு வலப்பக்கம் மைத்துனன், மனைவியின் தம்பி. அவனுக்கு மூன்று வேலைகள்: வண்டி ஓட்டுவது, குறிப்பெடுப்பது, வாயை மூட வேண்டிய இடத்தில் பேசுவது. மூன்றாவதை யாரும் அவனிடம் ஒப்படைக்கவில்லை.

இடப்பக்கம் பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு பெண். இந்த வழக்கில் துப்பறிவாளரை இழுத்துவிட்டவர். குற்றம் சாட்டப்பட்டிருப்பது அவருடைய அண்ணனின் மனைவி.

"அண்ணிக்காக நாத்தனார் இப்படி அலையறதை நான் இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அண்ணன் அழுதுட்டு உட்கார்ந்திருக்கான். யாராவது ஒருத்தர் நடக்கணும் இல்ல?" என்றார் கண்டக்டர்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுக் கோப்பைத் திறந்தார்.

"கடைசித் தடவையா சொல்றேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவை ஆலை. முதல் மாடியில ரெண்டு ஹால். ஒண்ணு துணி காய வைக்கிற டிரையர் ஹால், இன்னொண்ணு துணி மடிக்கிற ஹால். நடுவுல ஒரு இரும்புக் கதவு. போன வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு டிரையர் ஹால்ல நெருப்பு. அப்போ உள்ளே ரெண்டே பேர். டிரையர் ஓட்டுறவர், அப்புறம் மூட்டை பிரிக்கிற உங்க அண்ணி. டிரையர்காரர் செத்துட்டார். உங்க அண்ணி பின்பக்க ஜன்னல் வழியா அழுக்கு மூட்டைங்க மேல குதிச்சுத் தப்பிச்சுட்டாங்க."

"தப்பிச்சுட்டாங்களா? தொண்டை வெந்து போச்சு. குரலே வரல. ரெண்டு கையும் கட்டு."

"துணிப் பஞ்சு சேர்ற டிரையர் வலையைச் சுத்தம் பண்ண வேண்டியது அன்னிக்கு அவங்க முறைன்னு மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கார். அவங்க பண்ணல. நெருப்பு அங்கேதான் பிடிச்சுது. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய், 'உங்களாலதானே அவர் செத்தார்'னு கேட்டேன். தலையை ஆட்டினாங்க. நான் வேற என்ன பண்ண?"

 

"மடிக்கிற ஹால்ல எத்தனை பேர்?" துப்பறிவாளர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"பத்தொன்பது பேர். எல்லாம் பொம்பளைங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. கதவு தானா மூடிக்கிச்சு, இவங்க படியில இறங்கிட்டாங்க." இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் பையை மேஜைமேல் வைத்தார். அதில் கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை. "இதுதான் கதவை மூடின புண்ணியவான். லிங்க்னு சொல்றாங்க. ரெண்டு தகடும் ஈயப்பற்று மாதிரி ஒண்ணால ஒட்டியிருக்கும். இந்தத் துளையில ஒரு சங்கிலி, அந்தத் துளையில ஒரு சங்கிலி. சூடு ஏறினா பற்று உருகி ரெண்டும் பிரியும். சங்கிலி விட்டுடும், கதவு ஓடி வந்து மூடும்."

மைத்துனன் பையைத் தூக்கிப் பார்த்தான்.

"புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சா ஆளுக்கொரு அம்மா வீட்டுக்குப் போவாங்க. இதுங்க என்ன, பிரிஞ்ச பிறகும் ஒரே பாயில படுத்திருக்கு?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். துப்பறிவாளர் சிரிக்கவில்லை. அவருடைய கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. மைத்துனன் பையைக் கீழே வைத்தான். அக்கா புருஷனின் கண் முழுதாகத் திறந்தால் அன்று மதியச் சாப்பாடு கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

"இது எங்கே கிடைச்சுது?"

"கதவுக்குக் கீழே, தரையில. ஆலையில இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் எடுத்துக் கொடுத்தார்."

"ரெண்டும் சேர்ந்தா?"

"ரெண்டும் சேர்ந்துதான்."

"அந்தக் கோப்பை ஒரு மணி நேரம் கொடுங்க," என்று துப்பறிவாளர் எழுந்தார். முழங்கால் ஒரு சத்தம் போட்டது.

*

தீயணைப்புச் சாமான் விற்கும் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. சிவப்பு உருளைகளுக்கு நடுவே கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியோடு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நெருப்பைப் பத்தி அடுப்பு அளவுக்குத்தான் தெரியும்," என்றார் துப்பறிவாளர். "இந்த லிங்க் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லணும்."

"சொல்றதைவிடக் காட்டறது சுலபம்."

அவர் ஒரு புது லிங்க்கை எடுத்தார். தகட்டில் 72 என்று பொறித்திருந்தது. ஒரு துளையில் கம்பியை மாட்டித் தூக்கிப் பிடித்து, மறு துளையில் கொக்கியால் ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டார். பூட்டு ஆடியதே தவிர லிங்க் அசையவில்லை. பிறகு மின் கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்குள் அதை இறக்கினார். துப்பறிவாளரும் மைத்துனனும் கண்டக்டரும் கெட்டிலை எட்டிப் பார்த்தார்கள். மைத்துனன் மூன்று எண்ணுவதற்குள் 'டங்' என்று பூட்டு அடியில் விழுந்தது.

"எழுபத்திரண்டு டிகிரி வந்ததும் பற்று தண்ணியாயிடும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஆள் வேண்டாம். கதவு ஓடுற தண்டவாளமே சரிவா இருக்கும். எப்பவும் மூடிக்கத்தான் பார்க்கும். இந்தத் தகடுதான் 'பொறு, பொறு'ன்னு பிடிச்சு வச்சிருக்கு. சூடு மேலேதான் முதல்ல சேரும், அதனால கூரைக்குப் பக்கத்துல மாட்டணும்."

அவர் கம்பியை மேலே இழுத்தார். பாதித் தகடு அதன் நுனியில் தொங்கிக்கொண்டு வந்தது. மறுபாதி கெட்டிலுக்கு அடியில், பூட்டின் கொக்கியோடு.

"பாத்தீங்களா மாமா?" என்றான் மைத்துனன். "ஆளுக்கொரு அம்மா வீடு."

"ரெண்டு பாதியும் ஒண்ணா தரையில விழ வாய்ப்பு இருக்கா?"

"கொக்கி வாயை அமுக்கி மூடிடுவோம். தகடு எப்படிக் கழண்டு விழும்?"

துப்பறிவாளர் அடுத்த கேள்விக்கு முன் கொஞ்சம் யோசித்தார். "துணி காய வைக்கிற ஹால்ல, கூரைகிட்ட தினமும் ஐம்பது அறுபது டிகிரி சூடு. அங்கே இந்த எழுபத்திரண்டை மாட்டினா?"

"மாட்டவே கூடாது. அந்தச் சூட்டுல பற்று நாளுக்கு நாள் இளகிக்கிட்டே வரும். நெருப்பே இல்லாம ஒரு நாள் விட்டுடும். அங்கே நூறு டிகிரி லிங்க் போடணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேடிக்கை என்னன்னா, போன வெள்ளிக்கிழமை காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தர் வாசல்ல நின்னுட்டிருந்தார். எழுபத்திரண்டு லிங்க் ஒண்ணே ஒண்ணு வேணும்னார். இதை யாரும் ஒத்தையா வாங்க மாட்டாங்க. டஜன் கணக்குலதான் போகும். பாவம், புருவமெல்லாம் கரிஞ்சிருந்தது அவருக்கு."

வெள்ளிக்கிழமை. நெருப்புக்கு மறுநாள்.

வண்டியில் ஏறியதும் துப்பறிவாளர் கோப்பைப் பிரித்து மருத்துவர் எழுதிய பக்கத்தைப் படித்தார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்காக, இரண்டு விரல் அகலத்தில், ஆழமான தீக்காயம். இன்ஸ்பெக்டர் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'ஜன்னல் சட்டத்தைப் பிடித்ததால்.'

"மாப்ளே, சூடான பாத்திரத்தைத் தொட்டா என்ன பண்ணுவே?"

"கையை எடுத்துட்டு அக்காவைத் திட்டுவேன்."

"எல்லாரும் கையை எடுப்பாங்க. இந்தப் பொம்பளை எடுக்கல. ரெண்டு கையையும் எடுக்கல."

மைத்துனன் வண்டியைக் கிளப்பினான்.

*

சலவை ஆலையின் மடிக்கும் ஹாலில் நீளமான மேஜைகள் காலியாகக் கிடந்தன. வேலை செய்த பெண்கள் தங்கள் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தார்கள். கண்டக்டரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவர்களில் ஒருத்தி, வெளிறிய நீலப் புடவைக்காரி, நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"உங்க அண்ணி குதிச்சு ஓடிட்டாங்க. என் வீட்டுக்காரர் ஓடல. அவ்வளவுதான் நான் சொல்றது."

டிரையர்காரரின் மனைவி. கணவன் அந்த ஹாலில், மனைவி இந்த ஹாலில். நடுவில் கதவு. ஒன்பது வருஷமாக அப்படி. கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

துப்பறிவாளர் வரச்சொல்லியிருந்த இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார்; மேனேஜர் வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். "கதவு தானா மூடிச்சு பாருங்க சார். இதெல்லாம் நம்ம பாதுகாப்பு ஏற்பாடு. பத்தொன்பது உயிர்!"

கதவு பாதி திறந்து நின்றது. தீயணைப்பு வீரர்கள் தள்ளி வைத்தது அப்படியே. இன்ஸ்பெக்டர் முத்திரை நாடாவைத் தூக்கிப் பிடிக்க, எல்லோரும் குனிந்து டிரையர் ஹாலுக்குள் நுழைந்தார்கள். சுவர், கூரை, இயந்திரங்கள் எல்லாம் ஒரே கரி. ஈரச் சாம்பல் வாடை தொண்டையில் உட்கார்ந்தது. சுவரோரமாக பிட்டர் நின்றிருந்தார், ஐம்பது வயதுக்காரர். அவருக்குப் புருவம் இல்லை.

"டிரையர்காரர் எங்கே கிடந்தார்?"

இன்ஸ்பெக்டர் பின்பக்கச் சுவரைக் காட்டினார். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மர ஜன்னல். அதற்கு நேர் கீழே. ஜன்னல் சட்டம் கருத்திருந்தது, எரியவில்லை.

துப்பறிவாளர் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கதவிடம் வந்தார். கைப்பிடி இந்தப் பக்கம் மட்டும்தான், ஒரு தட்டை இரும்புப் பட்டை. இரண்டு விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு கதவிலிருந்து மேலே ஏறும் சங்கிலியைப் பார்வையால் தொடர்ந்தார். அது கூரையோரம் ஒரு கப்பிவரை போய், அங்கேயே சிக்கிக்கொண்டு நின்றது.

"ஏணி கொண்டு வாங்க."

"நானா?" என்றான் மைத்துனன்.

"என் முழங்கால் ஏறாது."

"நான் விழுந்தா அக்காகிட்ட நீங்களே பதில் சொல்லிக்கணும்." முனகிக்கொண்டே ஏறினான். மேலிருந்து அவன் குரல் மாறி வந்தது. "மாமா, சங்கிலி நுனியில தகடு எதுவும் இல்ல. கட்டுக்கம்பி இருக்கு. நாலஞ்சு சுத்து. நுனி ரெண்டு பக்கமும் நசுங்கி, உளி முனை மாதிரி. உருகல. யாரோ வெட்டியிருக்காங்க."



கதவுக்குப் பக்கச் சுவரில், தோள் உயரத்தில் ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. துப்பறிவாளர் அதன் அருகே குனிந்தார்.

"இன்ஸ்பெக்டர், இந்தக் கொக்கியைப் பாருங்க. எல்லாம் கரி. கழுத்துல மட்டும் நூல் மாதிரி ஒரு வளையம், கரியே படியாம பளபளன்னு. புகை படியறப்போ அங்கே ஏதோ சுத்தியிருந்தது. புகை அடங்கின பிறகு யாரோ அதை அவிழ்த்துட்டாங்க. கைக்கு எட்டினதை அவிழ்த்தாச்சு. மேலே கப்பிகிட்ட போனது எட்டல. நம்ம கண்ணுக்குக் காட்டறதுக்குக் கடையில ஒரு லிங்க்கை வாங்கி, உருக்கி, கீழே போட்டாச்சு." அவர் திரும்பினார். "கடைக்கார அம்மா உங்க புருவத்தை நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க."

பிட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் பொய் சொல்லத் தெம்பில்லை. ஐந்து நாளாக அதற்காகவே காத்திருந்தவர்போல இருந்தது.

"அந்த லிங்க் மாசத்துக்கு ரெண்டு தடவை தானா விட்டுடும் சார். வேலை நடக்கிறப்போ கதவு மூடிக்கும், தள்ளுவண்டி போக முடியாது, மேனேஜர் சார் கத்துவார். ஒரு நாள், 'இனிமே இது மூடவே கூடாது'ன்னார். லிங்க்கைக் கழட்டிட்டுக் கம்பியைப் போட்டு, கொக்கியில முறுக்கி விட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

"நூறு டிகிரி லிங்க் போட்டிருக்கலாமே?"

"அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது சார்."

மேனேஜர் குறுக்கே வந்தார். "இதுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்? வலையைச் சுத்தம் பண்ணாதது அந்தப் பொம்பளை!"

"வலை சுத்தமாத்தான் இருந்தது," என்றார் பிட்டர் தரையைப் பார்த்தபடி. "அந்தப் பொண்ணு காலையிலயே பண்ணிட்டுச்சு. பஞ்சு அடைச்சிருந்தது வெளியே போற குழாய்ல. அது என் வேலை. ஒரு நாள் இயந்திரத்தை நிறுத்தணும்னு ஒரு வருஷமா கேட்டேன். நீங்க விடல."

இன்ஸ்பெக்டர் மேனேஜரின் தோளில் கை வைத்தார். அன்பாக அல்ல.

"ஒண்ணு விளங்கல," என்றார் அவர் துப்பறிவாளரிடம். "கம்பி போட்டிருந்தா கதவு மூடியிருக்கவே முடியாதே. மூடியிருக்கு. அப்போ வெட்டினது யாரு?"

"கொக்கி எந்தப் பக்கம் இருக்கு?"

இன்ஸ்பெக்டர் பார்த்தார். நெருப்பிருந்த பக்கம்.

"இவங்க அண்ணி விழுந்து கிடந்த இடத்துல என்னென்ன கிடைச்சுதுன்னு உங்க கோப்பிலேயே எழுதியிருக்கீங்க. ஒரு செருப்பு. அடையாள அட்டை. மூட்டைக் கம்பி வெட்டுற கட்டர்." துப்பறிவாளரின் குரலில் வெற்றி எதுவும் இல்லை. "ரெண்டு வருஷமா ஓடாத கதவு. முழுசா மூடாம ஒரு சாண் இடைவெளி விட்டு நின்னிருக்கும். அதுவழியா புகை அந்தப் பக்கம் போகும். அவங்க கைப்பிடியைப் பிடிச்சு இழுத்து மூடியிருக்காங்க. விட்டா, கப்பியில சிக்கின சங்கிலி இழுத்து மறுபடி விலகுது. அதனால விடல. இரும்பு சூடேறி, கை வெந்தும் விடல. ஒரு பித்தளைத் துண்டு செய்ய வேண்டிய வேலையை ஒரு பொம்பளையோட கை செஞ்சிருக்கு."

கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மடிக்கும் ஹாலுக்குள் போனார். அங்கே ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

*

ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். கட்டிலில் இருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. இரண்டு கைகளும் வெள்ளைக் கட்டுக்குள். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

"நான் பார்த்துச் சொல்றேன்," என்றார் கண்டக்டர். "பஸ் சத்தத்துல வாயைப் பார்த்தே எந்த ஸ்டாப்புன்னு சொல்லிடுவேன்." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "அண்ணி, எல்லாம் தெரிஞ்சு போச்சு. கம்பியை நீங்கதான் வெட்டினீங்க. வலை சுத்தமா இருந்ததைப் பிட்டரே சொல்லிட்டார். இனிமே உங்க மேல ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"என்ன அண்ணி?"

உதடுகள் அசைந்தன. கண்டக்டர் குனிந்து பார்த்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "நான்தான்... அவரைக் கொன்னேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். துப்பறிவாளர் கையை நீட்டி அதை மெல்லக் கீழே இறக்கினார்.

"மெதுவா சொல்லுங்கம்மா. அவசரமே இல்ல."

அது நிஜமாகவே மெதுவாகத்தான் வந்தது. நடுநடுவே செவிலி வந்து உதட்டை நனைத்துவிட்டுப் போனார். கண்டக்டரின் குரல், தன்னுடையதல்லாத வார்த்தைகளை, தட்டுத் தடுமாறிச் சொல்லிக்கொண்டே போனது.

"குழாயிலிருந்து நெருப்பு வந்துச்சு. அவர் தண்ணி ஊத்தினார். அடங்கல. மூட்டை ஏத்தி இறக்குற வெளி ஷட்டர் பூட்டியிருந்தது. புகை கதவு வழியா அந்தப் பக்கம் போச்சு. அந்தப் பக்கம் எல்லாரும் கத்தினாங்க. ஒரே ஒரு படிதான் இருக்கு. அதுவும் குறுகல். புகை அங்கே போயிட்டா அவ்வளவு பேரும் படியிலேயே... நான் கம்பியை வெட்டினேன். கதவு வந்துச்சு. இழுத்துப் பிடிச்சேன்."

 பிறகு உதடுகள் மறுபடி அசைந்தன. கண்டக்டர் பார்த்தார். சொல்லவில்லை.

"சொல்லுங்க," என்றார் துப்பறிவாளர்.

"அவர் கதவுகிட்ட வந்தார். திற, நாம போயிடலாம்னார். கையை வச்சு இழுத்தார். நான் விடல." கண்டக்டரின் குரல் உடைந்தது. "திறந்தா நாங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போயிருக்கலாம். உசிரோட போயிருக்கலாம். நான் விடல."

மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"அவர் என்னைவிட பலசாலி. இழுத்தா கதவு வந்திருக்கும். நான் கத்தினேன்: உன் பொண்டாட்டி இன்னும் படியில இருக்கா. அவர் கையை எடுத்துட்டார்."

செவிலி எட்டிப் பார்த்தார். 

"அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் பேசல. படியில காலடிச் சத்தம் நிக்கிற வரைக்கும் என் பக்கத்துலேயே நின்னார். சத்தம் நின்னதும் என் கையைக் கைப்பிடியிலேருந்து பிரிச்சு எடுத்தார். அது ஒட்டிப் போயிருந்துச்சு. கதவைத் திறக்கப் பார்த்தார், சூட்டுல வளைஞ்சு இறுகிடுச்சு. ஜன்னலுக்குக் கீழே குனிஞ்சு நின்னு, ஏறுன்னார். அவர் தோள்ல மிதிச்சு ஏறினேன். எனக்குக் கை இல்ல, அவரைத் தூக்கி விட." கண்டக்டர் நிறுத்தினார். அண்ணியின் நெற்றியில் கையை வைத்தார். "போதும் அண்ணி. போதும்."

துப்பறிவாளரிடம் இதுபோன்ற அறைகளில் பதினைந்து வருஷமாகச் சொல்லிப் பழகிய ஆறுதல் வார்த்தைகள் சில இருந்தன. ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

"அம்மா," என்றார் கடைசியில், "உங்க பங்கை நீங்க சொல்லிட்டீங்க. அவர் பங்கும் ஒண்ணு இருக்கு. கையை எடுத்தது அவர். அதை நீங்க எடுத்துக்கக் கூடாது. அது அவரோடது."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. நாத்தனார் துடைத்துவிட்டார்.

*

தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டர் தன் கோப்பில் ஒரு பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அந்தக் கேள்வியை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றார். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு மேனேஜரை விசாரிக்கப் போய்விட்டார்.

"அவர் சம்சாரத்துக்கு யார் சொல்றது?" என்றார் கண்டக்டர்.

"நான் சொல்றேன். என் வேலைதான்," என்றார் துப்பறிவாளர்.

"இல்ல சார். நீங்க சொன்னா அது விசாரணை. நான்தான் போகணும். நீங்க கூட வாங்க, போதும்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்த தெருவில், இரண்டு அறை வீடு. டிரையர்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். கண்டக்டரைப் பார்த்ததும் மூடப் பார்த்தாள்.

"ரெண்டு நிமிஷம். அப்புறம் மூடிக்குங்க," என்றார் கண்டக்டர்.

வாசலிலேயே நின்று சொன்னார். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணி கதவை விடாததையும் சொன்னார். அவர் இழுத்ததையும், கேட்டதும் கையை எடுத்ததையும் சொன்னார். தோள்மேல் ஏறியதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. மைத்துனனும் துப்பறிவாளரும் இரண்டு எட்டு தள்ளி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டாள். அழவில்லை. 

"படியில எனக்குச் செருப்பு கழண்டு விழுந்துச்சு. எடுக்கலாம்னு குனிஞ்சேன். அதுக்காகப் பின்னால எல்லாரும் நின்னாங்க." தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள். "அந்த நேரமும் அவங்க பிடிச்சுட்டுத்தான் இருந்திருக்காங்க."

அவள் நிமிர்ந்தாள்.

"சாப்பிடறாங்களா?"

"இன்னும் வாயால இல்ல. குழாய்லதான்."

அவள் உள்ளே போனாள். பாத்திரம் எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதைத் திரும்ப வைக்கும் சத்தம். முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் பார்க்க விடுவாங்க?"

"நாலு மணிக்கு."

"எனக்கு அந்த ஆஸ்பத்திரி வழி தெரியாது," என்றாள் அவள். "நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க."